சித்திரத்தின் விலை யாது?

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தபோது யாம் சற்றே திகைத்தோம். யாம் கல்லூரி வாயிலை மிதித்தோமல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, தேர்வெழுதி, இருப்புப் பாதைப் பணியிற் சேர்ந்து, பாலக்காட்டுக் கோட்டத்தின் நிலையங்களிற் பார்சல் அலுவலக மேசையின் பின்னால் இருபதாண்டுகளாக அமர்ந்திருக்கின்றோம். மூவேந்தர் பெருமையும் சங்க நூற்சுவையும் எழுத நம்மிடையே அறிஞர் பலர் உளர். யாம் அறிந்தவையோ சரக்கும் ரசீதுமே. ஆயினும் எம் மேசைக்கு வந்த சரக்கு ஒன்றே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தட்டையான மரப்பெட்டிகள் நான்குடன் ஓர் இளைஞர் எம் அலுவலகத்திற்கு வந்தார். கும்பகோணத்து ஓவியக் கல்லூரியிற் பயின்ற தமிழ்ப் பிள்ளை. எறணாகுளத்தில் ஒரு காட்சிக்கு அவர் தம் ஓவியங்களை அனுப்ப விரும்பினார். படிவத்தில் 'பொருள்' என்னுமிடத்தில் 'ஓவியம்' என்று தயங்காமல் எழுதினார். 'மதிப்பு' என்னுமிடத்தில் பேனா நின்றுவிட்டது.

“ஐயா, விற்றால் ஒரு படம் நாற்பதாயிரம் ரூபாய். விற்காவிட்டால் மரச்சட்டத்தின் விலைதான். எதை எழுதட்டும்?” என்றார்.

மதிப்பைக் குறித்து அதற்குரிய கூடுதற் கட்டணம் செலுத்தாவிடின், பொருள் சேதமுற்றால் எடைக்குத் தக்க ஒரு வரம்புக்கு உட்பட்டே இழப்பீடு கிடைக்கும் என்பது விதி. அதாவது, சித்திரத்தையும் வெங்காயத்தையும் சட்டம் ஒரே தராசில் நிறுக்கும். இதனை எடுத்துரைத்தோம். அவர் சிரித்துவிட்டு, கையிலிருந்த பணத்திற்கேற்ற சிறு தொகை ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டுச் சென்றார். வண்டி போய்விட்டது. அவ்வினா மட்டும் எம் மேசையிலேயே தங்கிவிட்டது. சித்திரத்தின் விலை யாது? அதனை நிர்ணயிப்பவர் யாவர்? அவ்வினா எம்மை உறுத்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம். முதலில் யாம் ஓய்வு நேரங்களிற் படித்தும் நேரிற் கண்டும் அறிந்த வரலாற்றை முறையாகச் சொல்லுகின்றோம்.

மலை கடந்து சென்ற ஓவியர்

நம் முன்னோர் ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பம்மெட்டின் வழியே மலையேறி வந்தனர் என்பதை நாம் அறிவோம். ஓவியரும் அவ்வாறே திருவிதாங்கூர் சென்றனர் என்பதைப் பலர் அறியார். சுவாதித் திருநாள் மகாராசர் காலத்தில் மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு என்னும் ஓவியர் திருவனந்தபுரம் அரண்மனையிற் பணிபுரிந்தார். அடுத்த தலைமுறையில் மதுரை இராமசாமி நாயக்கர் அங்கு அரசவை ஓவியராக விளங்கினார். கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மா சிறுவனாக அரண்மனைக்கு வந்தபோது, நீர்வண்ணம் தீட்டும் முறையை அவருக்குக் கற்பித்தவர் இந்த நாயக்கரே. எண்ணெய் வண்ண நுட்பத்தை மட்டும் அவர் கற்றுத்தர மறுத்தார் என்பர். தொழிலின் இரகசியம் கைமாறினால் தம் சோறும் கைமாறும் என அவர் அஞ்சியிருக்கலாம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அவ்வச்சம் புரியாததன்று.

அக்காலத்தில் ஓவியத்திற்கு விலைச்சீட்டு இல்லை. அரசர் படி அளந்தார், ஓவியர் தீட்டினார். தஞ்சையில் மராட்டிய மன்னர் ஆதரவில் வளர்ந்த ஓவியமும் அத்தகையதே. அவ்வோவியம் உருவாகும் முறையை அன்பர்கள் நோக்க வேண்டும். பலாப் பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பூசி, அதன்மேற் புடைப்பு எழுப்பி, தங்க ரேக்கு பதித்து, கண்ணாடிக் கல் இழைத்து, பின்னரே வண்ணம் தீட்டுவர். மரம், துணி, சுண்ணம், பொன், கண்ணாடி ஆகிய ஐந்தும் கூடியதே ஒரு கண்ணன் படம். இன்றைய காட்சிக் கூடங்களிற் பலபொருட் கலப்போவியத்தைக் கண்டு, “ஈதென்ன, கோணியையும் ஆணியையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள்!” என்று நகைப்போர் தம் வீட்டுப் பூசையறையை ஒருமுறை நோக்குவாராக. கலப்பு நமக்குப் புதிதன்று.

காட்சியும் அச்சும்

சென்னையில் 1850ஆம் ஆண்டு அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் அஃது அரசின் பொறுப்பிற்கு வந்தது. ஆங்கிலேயர் நடத்திய ஓவியக் காட்சிகளும் பெருகின. 1873இல் சென்னைக் காட்சியில் இரவிவர்மாவின் ஓவியம் தங்கப் பதக்கம் பெற்றது. அரண்மனைச் சுவருக்கென்றே தீட்டப்பட்ட சித்திரம் ஊரார் கண்டு ஒப்பிட்டுப் பேசும் பொருளாக மாறிய காலம் அது.

அதனினும் பெரிய மாற்றம் அச்சினால் விளைந்தது. 1894இல் இரவிவர்மா பம்பாய்ப் பகுதியிற் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். இலக்குமியும் சரசுவதியும் வண்ணத்தாள்களாகி, அரசர் வீட்டினின்று ஆண்டி வீடுவரை சென்றனர். அவ்வச்சுக்கூடம் அவருக்குக் கடனையே மிகுதியாகத் தந்தது. 1901இல் அதனை விற்றுவிட்டார். விற்றபின்னும் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன.

நம் தோட்டத்து லயங்களின் சுவரிற் சித்திரம் ஏறியதும் இவ்வழியேதான். சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்ற கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரை தீட்டிப் பின்னர்க் கோவிற்பட்டியிலேயே தங்கியவர். அவரும் அவர்தம் மாணாக்கரும் தீட்டிய முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிகளாகி, மளிகைக் கடைக்காரர் கையால் இலவசமாக நம் வீடு வந்து சேர்ந்தனர். எம் அன்னையார் ஆண்டு முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சுவரில் விட்டுவைப்பார். புகை படிந்த எம் வீட்டின் ஒரே ஓவியக் கூடம் அதுவே. அங்கே விலை இல்லை. ஓவியர் பெயரைக் கேட்பாரும் இல்லை.

பாரிசு நகரத்துச் சுங்கச் சாவடி

ஓவியத்தை விற்பதற்கென்றே தனியிடம் அமைந்த கதையை அறியச் சிறிது மேலைநாட்டுக்குச் செல்ல வேண்டும். பாரிசு நகரில் அரசுச் சார்புடைய பெருங்காட்சி ஒன்று இருந்தது. அதன் நடுவர் ஏற்றால் ஓவியர்க்கு வாழ்வு, மறுத்தால் இருள். மறுக்கப்பட்ட மோனே முதலிய ஓவியர் சுமார் முப்பதுபேர் 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், நதார் என்னும் புகைப்படக்காரர் முன்னர்த் தொழில் நடத்திய கூடத்தில் தாமே காட்சி வைத்தனர். ஊர் நகைத்தது. துராந்த்-ருவெல் என்னும் வணிகர் மட்டும் கடன்பட்டும் அவர்தம் படங்களை வாங்கினார். 1886இல் அவற்றை நியூயார்க்கிற்குக் கொண்டுசென்று காட்டிய பின்னரே அவருக்கு நிலைமை தெளிந்தது. ஓவிய வணிகர் என்றால் கொள்ளையடிப்பவர் என்று மட்டும் எண்ணலாகாது என்பதற்கு இவர் சான்று.

அதே நகரில் ஆன்றி ரூசோ என்னும் எழுத்தர் ஒருவர் இருந்தார். ஊருக்குள் வரும் சரக்குக்கு வரி தண்டும் சாவடியில் அவருக்கு வேலை. கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியிற் சரக்குந்துகள் வரிசையாக நிற்பதைக் காணுந்தோறும் எமக்கு அவர் நினைவே எழும். ஓவியம் எவரிடமும் முறையாகப் பயிலாத அவர், நடுவரே இல்லாத தனிக் காட்சியில் 1886 முதல் தம் படங்களை வைத்தார். கண்டோர் கைகொட்டிச் சிரித்தனர். 1893இல் வேலையைத் துறந்து முழுநேரமும் தீட்டினார். இறுதிக் காலத்தில் பிக்காசோ அவரை விருந்திட்டுப் போற்றினார். 1910இல் வறியவராகவே மறைந்தார். அவருடைய காட்டு மரங்களும் புலிகளும் இன்று உலகப் பெரும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

அதற்கு இரண்டாண்டு கழித்து, 1912இல், பிக்காசோ தம் ஓவியத்தில் நாற்காலிப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். பிராக் என்பவர் தாள்களை ஒட்டினார். மேலைநாட்டுப் பலபொருட் கலப்போவியம் இங்ஙனம் தொடங்கிற்று. நம் தஞ்சைக் கைவினைஞர் தெய்வத்திற்கு ஒளி கூட்டப் பொருளை ஒட்டினர். அவர்களோ அன்றாடப் பொருளே சித்திரத்தில் இடம்பெறத் தக்கதெனக் காட்ட ஒட்டினர். செய்கை ஒன்று, நோக்கம் வேறு.

சட்டக் கடையினின்று காட்சிக் கூடம்

இந்திய நாட்டில் ஓவியக் கூடங்கள் பிறந்த வகை சுவையானது. தில்லியில் எழுதுபொருளும் அச்சும் விற்ற தூமிமல் கடையார் 1936இல் ஓவியக் காட்சிக்கு இடமளித்தனர். பம்பாயில் கெக்கூ காந்தி என்பவர் படச்சட்டம் செய்யும் தொழிலை நடத்தினார். தம்மிடம் சட்டமிட வந்த இளம் ஓவியர் படங்களைக் கடைக் கண்ணாடியின் உட்புறம் வைத்துக் காட்டத் தொடங்கினார். 1952இல் பொதுமக்கள் பயனுக்கெனத் திறக்கப்பட்ட சகாங்கீர் ஓவியக் கூடத்தின் மாடியில், 1963இல் அவருடைய 'கெமோல்டு' என்னும் கூடம் அமைந்தது. நம் ஊர்க் கடைத்தெருவிற் சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடையை நினைத்துக்கொள்க. அவ்வகைக் கடையே இந்நாட்டு ஓவிய வணிகத்தின் தாய்.

சென்னையில் நிலை வேறு. இசைக்கும் நாட்டியத்திற்கும் சபைகள் நிறைந்த அந்நகரில் ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குவோர் மிகச் சிலர். 1960களில் சரளா ஓவிய மையமும், 1984இல் அப்பாராவ் கூடமும் தோன்றின. மைய அரசின் லலித் கலா அகாதெமி கிரீம்சு சாலையில் வட்டார மையத்தை அமைத்தது. இவற்றுக்கு முன்னரும் பின்னரும் சென்னை ஓவியர் பலர் பகலில் நெசவாளர் சேவை மையத்திற் சேலைக்குக் கோலம் வரைந்து, இரவில் தம் சித்திரத்தைத் தீட்டினர். சந்தை இல்லாத இடத்திற் கலைஞர் யாது செய்வர்? இவ்வினாவுக்கு விடை தேடியவரே நம் கட்டுரையின் நாயகர்.

தந்தி அலுவலகத்தினின்று சோழமண்டலம்

கே. சி. எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரிற் பிறந்தார். பொன்னானிப் பகுதியிற் பயின்றார். பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் அவருக்குச் சொந்த ஊர். பிள்ளைப் பருவத்திலேயே நீர்வண்ணத்திற் கை தேர்ந்தார். ஆயின் தந்தையார் மறைந்தமையாற் குடும்பச் சுமை தோளில் ஏறிற்று. தந்தி இலாகாவில் வேலைக்கமர்ந்தார். பின்னர், 1936இல், ஏறத்தாழ இருபத்தைந்தாம் வயதில், அவ்வேலையைத் துறந்து சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். நிலையான அரசு வேலையை விட்டுவிட்டு வண்ணக் கிண்ணத்தை ஏந்தியவரை அன்று உற்றார் எவ்வாறு ஏசியிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அப்பொழுது அப்பள்ளியின் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929இல் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே. பணிக்கர் அங்கேயே ஆசிரியராகி, 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1954இல் இலண்டன், பாரிசு முதலிய நகரங்களில் தம் படங்களைக் காட்டினார். 1957 முதல் 1967 வரை பள்ளியின் தலைவராக விளங்கினார்.

மாணவர் கல்லூரியை விட்டுச் செல்லும்போதெல்லாம் அவருக்கு ஒரே கவலை. நான்காண்டு ஐந்தாண்டு பயின்ற பிள்ளைகள் வெளியே சென்றதும் தூரிகையை வைத்துவிட்டு விளம்பரப் பலகைக்கும் வேறு வேலைக்கும் சென்றனர். எனவே ஓவியரும் மாணவரும் கூடித் துணியில் மெழுகு வைத்துச் சாயமிடும் 'பாத்திக்' முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அதில் வந்த பணத்தைச் சேர்த்து, 1966இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சுமார் பத்து ஏக்கர் மணல்வெளியை வாங்கினர். அதற்குச் சோழமண்டலம் எனப் பெயரிட்டனர். பொழுதின் ஒரு பகுதி கைவினைக்கு, எஞ்சியது கலைக்கு. கைவினை அடுப்பெரித்தது, அவ்வெளிச்சத்திற் கலை வளர்ந்தது. செல்வர் ஒருவரின் கொடையை மட்டும் நம்பியிராது கலைஞர் தாமே உழைத்து ஊர் அமைத்த இச்செயல், இந்தியக் கலை வரலாற்றிற் சிறப்பிடம் பெற்றது.

1963 முதல் பணிக்கர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையை அன்பர்கள் காண வேண்டும். சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், எழுத்துப் போன்ற கோடுகள் ஆகியன ஓலைச்சுவடி போல நிறைந்திருக்கும். படிக்க முயன்றால் பொருள் கிட்டாது. எமக்கோ அவற்றைக் கண்டபோது தந்திக் காகிதமே நினைவுக்கு வந்தது. பிறருடைய செய்தியைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் இலாகாவில் இருந்தவர் தம் செய்தியை எழுதிவிட்டார் என்று கருதினோம். இஃது அறிஞர் கருத்தன்று. ஓர் எழுத்தரின் கருத்து.

சோழமண்டலத்தில் எல்லாரும் வாழ்ந்து செழித்தனர் என்று சொல்லிவிடல் பொய்யாகும். கோட்டோவியத்திற் கனவு நகரங்களை எழுப்பிய இராமானுசம் வறுமையிலேயே வாழ்ந்து 1973இல் இளமையில் மறைந்தார். ஜானகிராம் செப்புத் தகட்டை வளைத்துத் தெய்வ உருவமாக்கினார். பணிக்கரின் மகனார் நந்தகோபால் உலோகச் சிற்பத்திற் பெயர் பெற்றார். கீழக்குறிச்சியில் 1938இல் பிறந்த ஆதிமூலம், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் உருவைக் கோட்டோவியங்களாக வரைந்து புகழெய்தினார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வார இதழில் வந்தபோது அதற்கு வரைந்தவரும் அவரே. ஓவியக் கூடத்தின் படியேறாத எம்போன்றோர்க்கு இதழின் பக்கமே கூடமாயிற்று. பணிக்கர் 1977இல் மறைந்தார். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயராற் கூடம் ஒன்று உள்ளது. சோழமண்டலத்திலும் சென்னை ஓவிய இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகம் 2009இல் திறக்கப்பட்டது.

நம் வாயிலில்

இக்கதை நமக்கு எட்டாத தொலைவில் நிகழ்ந்ததென்று நினையற்க. மலம்புழை அணை, பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்தபோதே 1955இல் திறக்கப்பட்டது. அதன் பூங்காவில் வான்நோக்கி அமர்ந்திருக்கும் யட்சியை 1969இல் வடித்த கானாயி குஞ்ஞிராமன் சென்னையிற் பணிக்கரிடம் பயின்றவர். ஆடையற்ற அவ்வுருவைக் கண்டு அன்று எழுந்த எதிர்ப்பு அடங்கிவிட்டது. இன்று குடும்பத்தோடு சென்று அதன்முன் படம் எடுத்துக்கொள்கின்றனர். பாலக்காட்டுக் குமரநல்லூரில் 1939இல் பிறந்த அக்கித்தம் நாராயணனும் சென்னை மாணவரே. 1967இல் பாரிசுக்குச் சென்று அங்கேயே ஓவியராக நிலைத்தார்.

அதே மலம்புழையில் உடைந்த ஓடு, வளையற்றுண்டு, பழந்தகரம் ஆகியவற்றால் அமைந்த பாறைத் தோட்டம் ஒன்றுளது. அதனை உருவாக்கிய நேக் சந்த் (1924–2015), சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளர். அங்கே 1957 முதல் அரசுக் காட்டில் எவரும் அறியாது கழிவுப் பொருள்களைச் சேர்த்துச் சிற்பங்களை அமைத்தார். 1975இல் அதிகாரிகள் கண்டுபிடித்தனர். இடித்துவிடுவர் என அஞ்சியவருக்கு அதனையே பார்க்கும் பணி கிட்டிற்று. 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பலபொருட் கலப்பு யாதென அறிய விரும்புவோர் பெருநகரக் கூடத்துக்குச் செல்ல வேண்டா. மலம்புழைப் பேருந்தில் ஏறினாற் போதும்.

கேரளத்திற் கூடங்களின் வளர்ச்சியும் குறிப்பிடத்தக்கது. 1962இல் கேரள லலிதகலா அகாதெமி தோன்றிற்று. சென்னையிற் பயின்ற சி. என். கருணாகரன் 1970களில் கொச்சியில் 'சித்திரகூடம்' நிறுவினார். கேரளத்தின் முதல் தனியார் ஓவியக் கூடம் அதுவே என்பர். 2012ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு ஆகிய ஓவியர் இருவர் முயற்சியால் கொச்சி முசிறிப் பன்னாட்டுக் கலைக்காட்சி தொடங்கிற்று. ஆண்டுவிட்டு ஆண்டென நடந்துவந்த அது, 2020இல் பெருந்தொற்றால் தடைப்பட்டு 2022இல் மீண்டும் நிகழ்ந்தது. காட்சி நடைபெறும் இடங்கள் யாவை? கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள பழைய பண்டகசாலைகள். மிளகும் இஞ்சியும் வணிகப் பொருளாகக் குவிந்திருந்த மண்டபங்களில் இன்று சித்திரம் தொங்குகின்றது. மலைச்சரக்குக்குக் கட்டிய கூரையின் கீழே மலைமக்கள் தயங்காமல் நுழையலாமன்றோ?

விலையும் சட்டமும்

இனி, கூடத்தின் நடைமுறையைச் சுருங்கச் சொல்லுவோம். வணிகக் கூடம் சுவரும் விளக்கும் அழைப்பிதழும் பட்டியலும் தரும். ஓவியர் படம் தருவார். விற்ற தொகையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை கூடத்துக்கு உரியதாகும். அகாதெமி போன்ற இடங்களிற் கூடத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு முழுத்தொகையும் ஓவியரே பெறலாம். ஆனால் வாங்குவோரையும் அவரே தேடவேண்டும். விற்ற படத்தின் அருகே சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டப்படும். விலை என்பது பரப்பளவு, ஓவியர் பெயர், முந்தைய விற்பனை, வாங்குவோர் ஆவல் ஆகியவை கூடிய கணக்கு.

மக்பூல் பிதா உசேன் இளமையில் பம்பாயில் திரைப்பட விளம்பரப் பலகைகளுக்கு வண்ணம் பூசியவர். 1954இல் அவர் தீட்டிய 'கிராம யாத்திரை' 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நியூயார்க்கு ஏலத்தில் 137 இலட்சம் டாலருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்குப் போயிற்று. அப்பணம் ஓவியர் குடும்பத்துக்கு அன்று; படத்தை வைத்திருந்த ஆசுலோ நகரத்து மருத்துவமனைக்குச் சேர்ந்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்த்த 53அ பிரிவின்படி, பதினாயிரம் ரூபாய்க்கு மேல் ஓர் ஓவியம் மறுவிற்பனையாகும்போது, முதல் உரிமையாளராகிய ஓவியருக்கோ அவர்தம் வாரிசுக்கோ பத்து விழுக்காட்டுக்கு மேற்படாத பங்கு உண்டு. ஏட்டில் உள்ள இவ்வுரிமையைப் பலர் அறியார். ஓவியம் பயிலும் பிள்ளைகள் இதனை அறிதல் நலம்.

வாயிலில் நின்ற கதை

இனி, முன்னர்ச் சொன்ன வேறொரு காரணம். பெருநகர் ஒன்றில் அலுவல் நிமித்தம் சென்றிருந்தபோது, ஓவியக் கூடம் ஒன்றின் கண்ணாடிக் கதவருகே யாம் கால்மணி நேரம் நின்றோம். உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. எவரும் தடுக்கவும் இல்லை. எம் செருப்பையும் துணிப்பையையும் பார்த்துக்கொண்டு யாமே திரும்பிவிட்டோம். எம்மைத் தடுத்தது எம் கூச்சமே.

அக்கூச்சம் எம்மோடு நின்றிருந்தாற் குற்றமில்லை. எம் தமக்கையார் மகன் கம்பம்மெட்டில் வளர்ந்தவன். தோட்டக் கணக்குத் தாளின் பின்புறத்தில், காலையில் ஜீப்பினின்று இறங்கும் பெண்டிரையும், ஏலச்செடியின் அடியிற் குனிந்த முதுகுகளையும் வரைவான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சென்னை ஓவியக் கல்லூரியிற் சேர விரும்பினான். அரசு வேலையில் உள்ள மாமன் என்று எம்மிடம் யோசனை கேட்டனர். “படம் வரைந்து யாரப்பா பிழைத்தார்? முதலில் தேர்வு எழுது” என்றோம். அவன் எழுதினான், இருமுறையும் தேறவில்லை. இன்று ஏலக்காய்க் கடை ஒன்றில் நிறுவைச் சீட்டு எழுதுகின்றான். அவன் எம்மைக் குறை கூறியதே இல்லை. அதுவே எமக்குக் குறையாக உள்ளது.

சென்ற ஆண்டு அவனைச் சோழமண்டலத்துக்கு அழைத்துச் சென்றோம். இம்முறை வாயிலிற் கூச்சம் வந்தபோது அவன் கையைப் பற்றிக்கொண்டோம். பணிக்கரின் ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றான். அவர் தந்தி இலாகாவில் இருந்த கதையை யாம் சொன்னோம்.

“எந்த வயசில் வேலையை விட்டார், மாமா?” என்றான்.

“இருபத்தைந்தில்.”

“எனக்கு இருபத்தாறு” என்று சொல்லிச் சிரித்தான். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையை விட்டுவிடு என்று சொல்லும் துணிவு எமக்கு இன்றும் இல்லை. அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் பணிக்கர் காட்டிய வழி வேலையை விடுவது மட்டும் அன்று. கையால் உழைத்துக்கொண்டே கலையைக் காப்பதும், தனியாக அன்றிக் கூட்டாக நிற்பதுமே அவ்வழி. ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் செய்தோம், அவர்களும் இசைந்தனர். இவ்வாண்டு விழா மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரில் அவனுடைய கோட்டோவியங்கள் பன்னிரண்டும், நம் பள்ளிப் பிள்ளைகள் வரைந்தவையும் தொங்கும். விலைச்சீட்டில் என்ன எழுதுவது என அவன் கேட்டான். எம் மேசையின் முன் அன்று நின்ற இளைஞரின் முகம் நினைவுக்கு வந்தது. “உன் உழைப்பு நாளைக் கணக்கிட்டு நீயே எழுது, பிறர் எழுதும்வரை காத்திராதே” என்றோம்.

அன்பர்கள் உணவுப் பந்திக்குச் செல்லுமுன் அச்சுவரருகே சற்று நிற்குமாறு வேண்டுகின்றோம். வாங்க இயலாதோர் பார்த்தாற் போதும். பார்த்ததை அப்பிள்ளைகளிடம் ஒரு சொல்லாற் கூறினாற் போதும். உங்கள் வீட்டிலும் கணக்குத் தாளின் பின்புறத்தில் வரையும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அப்பிள்ளை வந்து கேட்கும்போது, யாம் சொன்ன விடையை நீங்களும் சொல்லாதிருப்பீராக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!